பானையில் எழுதிய பெயர்

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கத்தில் நேர்ந்த ஒரு சிறு குழப்பத்திற்கு எம் வீடே காரணம் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு, அதன்பின் வாசகர்களை எகிப்து நாட்டிற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

விழாச் சமையலுக்காக அன்பர்கள் பலரும் தத்தம் வீட்டுப் பாத்திரங்களைக் கொண்டுவந்திருந்தனர். பித்தளைக் குண்டான், எவர்சில்வர் அடுக்கு, தூக்கு, தாம்பாளம், கரண்டி என்று குவிந்து கிடந்த அவற்றை, பந்தி முடிந்து கழுவிய பிறகு, வீட்டுவாரியாகப் பிரித்து வைக்கும் பணி சிறுவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் ஊர் வழக்கப்படி பாத்திரங்களின் விளிம்பில் உரியவர் பெயர் வெட்டப்பட்டிருந்தபடியால் அது எளிய வேலை என்றே பெரியவர்கள் எண்ணினர். ஆனால் அன்றிரவு வீட்டில் மூட்டையை அவிழ்த்த எம் மனைவி திகைத்து நின்றாள். எம் அன்னையாரின் பெயர் பொறித்த குண்டானைக் காணோம். நாங்கள் அறியாத ஓர் அம்மையாரின் குண்டான் அதன் இடத்தில் இருந்தது. போதாக்குறைக்கு, பெயரே இல்லாத கரண்டி ஒன்றும் வந்திருந்தது.

மகனை அழைத்து, "பெயரைப் பார்த்து எடுக்கக் கூடாதாடா?" என்று கேட்டோம்.

"பார்த்தேன் அப்பா. எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது" என்றான்.

அவனுக்கு வயது ஒன்பது. வீட்டில் தமிழ் பேசுகிறான். தெருவில் இந்தி பேசுகிறான். பள்ளியில் ஆங்கிலம் படிக்கிறான். தமிழ் எழுத்தைக் கைப்பிடித்துக் கற்பித்திருக்க வேண்டியவர்கள் நாம். ஷிப்டு வேலையைச் சாக்காகச் சொல்லி, 'அடுத்த கோடை விடுமுறையில் ஆகட்டும்' என்று மூன்று கோடைகளைக் கழித்துவிட்டோம். அதன் பலன், தன் பாட்டியின் பெயரும் அயல்வீட்டுப் பாட்டியின் பெயரும் பிள்ளையின் கண்ணுக்கு ஒரே கீறலாகத் தோன்றிவிட்டன.

அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. அப்போது நினைவிற்கு வந்தவை, எகிப்தின் செங்கடற்கரையில் மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட சில பானை ஓடுகள். அவற்றின் மேலும் தமிழ்ப் பெயர்களே எழுதப்பட்டிருக்கின்றன.

பார்சல் பிரிவுக் குமாஸ்தாவிற்கும் எகிப்திற்கும் என்ன உறவு என்று நண்பர்கள் சிலர் நகைப்பதுண்டு. மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்ட எம்மை இந்தப் பித்து பிடித்தது ஜெய்ப்பூரில். சில ஆண்டுகளுக்கு முன்னர் ரயில்வே பாஸில் குடும்பத்துடன் அங்கே சென்றிருந்தபோது, 1887இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகத்தில், எகிப்திலிருந்து கொண்டுவரப்பட்ட 'துது' என்னும் பெண்ணின் பதப்படுத்தப்பட்ட உடலைக் கண்டோம். ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் அர்ச்சகர் குடும்பம் ஒன்றில் பிறந்தவள் என்கிறார்கள். 2020 ஆகஸ்டில் பெருமழை பெய்து அருங்காட்சியகத்திற்குள் வெள்ளம் புகுந்தபோது, ஊழியர்கள் கண்ணாடிப் பேழையை உடைத்து அவளைத் தூக்கிக் காப்பாற்றினர். நைல் நதி வெள்ளத்தை ஆண்டுதோறும் வரவேற்ற நாட்டில் பிறந்தவள் இராஜஸ்தானத்து வெள்ளத்தில் தப்பிப் பிழைத்தாள் என்பது வேடிக்கையல்லவா? எத்தனை தலைமுறைகள் கடந்தும் அவளைப் பெயர் சொல்லி அழைக்க முடிகிறதே என்ற வியப்பு எம்மை விடவில்லை. டில்லிக்குத் திரும்பியதும் பழைய டில்லி ரயில் நிலையத்திற்கு எதிரிலுள்ள பொது நூலகத்தை நாடினோம். 1951இல் நிறுவப்பட்ட அந்நூலகம், இரவு வேலை முடிந்து வருகிறவனுக்கு இரண்டு மணி நேரம் அமரக் கிடைத்த நல்ல நிழல். அகராதியை ஒரு கையிலும் புத்தகத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு படித்தோம்.

எகிப்தியர் பெயருக்குக் கொடுத்த மதிப்பை எந்த நாட்டினரும் கொடுத்ததாகத் தெரியவில்லை. உடல், உயிர் என்பனபோல் பெயரும் மனிதனின் ஓர் உறுப்பே என்பது அவர்கள் கொள்கை. பெயர் அழிந்தால் ஆளும் அழிந்தான். ஆகவேதான் ஹட்ஷெப்சுட் என்னும் பேரரசி மறைந்த பின்னர், அவளுடைய பெயரைக் கற்சுவர்களிலிருந்து உளியால் செதுக்கி நீக்கினர். அரசர் பெயரை நீள்வட்டக் கோட்டிற்குள் அடைத்து எழுதும் வழக்கமும் அவர்களுக்கு உண்டு. பின்னாளில் அந்தச் சித்திர எழுத்தைப் படிக்க வழி கிடைத்ததே அந்தப் பெயர்களால்தான். 1799இல் கிடைத்த ரொசெட்டாக் கல்லில் தாலமி என்னும் பெயரையும், வேறொரு கல்லில் கிளியோபாத்ரா என்னும் பெயரையும் ஒப்பிட்டு எழுத்தெழுத்தாகப் பிரித்துத்தான் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் 1822இல் கதவைத் திறந்தார்.

அப்படிப்பட்ட நாட்டின் மண்ணே நம்மவர் சிலருடைய பெயர்களையும் காத்து வைத்திருந்தது.

செங்கடலின் மேற்குக் கரையில் குசைர் என்றோர் ஊர் உண்டு. அதற்கு வடக்கே சுமார் எட்டுக் கிலோமீட்டரில் மணல்மேடாகக் கிடப்பது பழைய குசைர். கிரேக்கரும் உரோமரும் 'மயோஸ் ஹோர்மோஸ்' என்று அழைத்த துறைமுகம் இதுவே. ஸ்டிராபோ என்னும் கிரேக்க ஆசிரியர் தம் காலத்தில், அதாவது கிறிஸ்து பிறப்பதற்குச் சற்று முன், இத்துறையிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் வரை இந்தியாவிற்குச் சென்றதாக எழுதியிருக்கிறார். 1978 முதல் 1982 வரை அமெரிக்காவின் சிக்காகோப் பல்கலைக்கழகத்தார் இங்கே அகழ்ந்தபோது கிடைத்த ஓடுகளில் இரண்டில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் காணப்பட்டன. ஒன்றில் 'கணன்', மற்றொன்றில் 'சாதன்'. அவ்வளவே! பட்டமில்லை, ஊர்ப்பெயர் இல்லை, தொழில் இல்லை. இரட்டிக்க வேண்டிய மெய்யை ஒற்றையாகவே எழுதிவிடுவது அக்கால வழக்கங்களுள் ஒன்றாதலால், அவர்களைக் கண்ணன் என்றும் சாத்தன் என்றும் நாம் வாய் நிறைய அழைக்க இடமுண்டு. இவ்விரு பெயர்களும் இன்றைக்கும் நம்மிடையே வழங்குவன.

அதன்பின் 1999 முதல் 2003 வரை இங்கிலாந்தின் சவுதாம்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பீகாக், லூசி புளூ ஆகியோர் அதே இடத்தை அகழ்ந்தனர். அவ்வகழாய்வில் கிடைத்த உடைந்த சேமிப்புப் பானை ஒன்று இந்தியாவில் வனையப்பட்டது என்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துப் பானை நிபுணர் ரொபர்ட்டா டாம்பர் கண்டறிந்தார். அதன் இரு புறத்திலும் ஒரே சொற்றொடர் எழுதப்பட்டிருந்தது. ஐராவதம் மகாதேவன் 2007இல் அதனைப் படித்தார்: 'பானை ஒறி'. உறியில் தொங்கவிடும் பானை என்பது அவர் கொண்ட பொருள். பூனைக்கும் எலிக்கும் எட்டாமல் தயிரையும் நெய்யையும் கயிற்று உறியில் தொங்கவிட்ட வீடுகளில் வளர்ந்தவர்கள் நம்முள் எத்தனை பேர்! அந்த உறி செங்கடற்கரைக் கிடங்கு ஒன்றில் தொங்கியிருக்கிறது. இரண்டு புறமும் எழுதிய மனிதரின் முன்யோசனையையும் பார்சல் குமாஸ்தாவாகிய நாம் மெச்சாமல் இருக்க முடியவில்லை. எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் படிக்கலாம் அல்லவா? பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் விலாசம் எழுதி, அந்தப் பக்கத்தையே சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னும் தெற்கே சென்றால் பெரெனிகே என்னும் துறைமுகம். எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமி கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் நிறுவித் தன் தாயின் பெயரைச் சூட்டியது. அமெரிக்கப் பேராசிரியர் சைட்பாதமும் நெதர்லாந்திலிருந்து வந்த வில்லமீனா வெண்ட்ரிக்கும் 1994 முதல் அங்கே அகழாய்வு நடத்தினர். மறு ஆண்டிலேயே ஒரு தமிழ்ப் பிராமி ஓடு கிடைத்தது. 'கொறபூமான்' என்று அதைப் படித்திருக்கிறார்கள். கொற்றன் என்ற பெயர்கொண்ட தலைவன் ஒருவன் என்று கொள்ளலாம். கி.பி. 60, 70 ஆகிய ஆண்டுகளை ஒட்டியது. இவ்வோட்டில் கவனிக்கத்தக்கது, பானை நம் நாட்டுப் பானையன்று. உரோமர் மது நிரப்பும் சாடியின் துண்டு. ஆதலால் நம் ஊரில் எழுதி அனுப்பியதாக இருக்க இயலாது. அந்நாட்டிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் கருதுவர். கொற்றனோ, அவனுக்காக எழுதிய மற்றொருவனோ, அங்கே நின்றிருக்கிறான்.

பெரெனிகேயில் சேராப்பிஸ் என்னும் தெய்வத்தின் கோயில் முற்றத்தில் இந்தியப் பானை ஒன்று தரையில் புதைத்து வைக்கப்பட்டிருந்தது. 1999இல் திறந்து பார்த்தால் உள்ளே சுமார் ஏழரைக் கிலோ மிளகு! இரண்டாயிரம் ஆண்டாகியும் மிளகு மிளகாகவே இருந்தது. இப்போது கரோல் பாக் கடைகளில் அவ்வளவு மிளகை ஒருங்கே வாங்கும் குடும்பம் உண்டா என்பதை இல்லத்தரசிகளே சொல்லட்டும். மிளகு மட்டுமன்று. அரிசி, தேங்காய், பாசிப்பயறு ஆகியவற்றின் எச்சங்களும் அவ்வூர்க் குப்பையிலிருந்து சலித்தெடுக்கப்பட்டன. நம் நாட்டுத் தேக்கு மரத்துண்டுகள், கப்பலைக் கலைத்தபின் கட்டடங்களில் மறுபடியும் பயன்படுத்தப்பட்டனவாகக் கிடைத்துள்ளன. 2022இல் புத்தர் சிலை ஒன்றும் அங்கே வெளிப்பட்டது. பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் மக்கள் எழுதிப் பேசி வாழ்ந்த ஊர் அது.

இவை எல்லாவற்றிலும் எம் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. குசைரிலும் பெரெனிகேயிலும் கிடைத்த இந்திய மட்பாண்டங்களுள் சாமான் நிரப்பி அனுப்பும் சாடிகளோடு, சமையல் பானைகளும் உள்ளன. வியாபாரச் சாடி பிறர் கையில் தானே சென்று சேரும். சமையல் பானை அவ்வாறு செல்லாது. அதில் சமைத்து உண்கிறவன் கூடவே போனால்தான் அது போகும். ஆகவே நம் நாட்டினர் சிலரேனும் அங்கே தங்கி, தம் கைப்பட உலை வைத்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் முடிவு செய்கின்றனர். இதற்குச் சான்று காட்டச் சொன்னால், ஜி.டி. எக்ஸ்பிரசிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரசிலும் வந்து இறங்குகிற நம் குடும்பங்களைக் காட்டினால் போதாதா? எத்தனை இட்லிப் பானைகள், எத்தனை கல்சட்டிகள், எத்தனை அம்மிகள் இந்த நகருக்கு வந்து சேர்ந்திருக்கின்றன! கடையில் கிடைக்காது என்பதனால் மட்டுமா அவற்றைச் சுமந்து வந்தோம்?

நிற்க. ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எகிப்து என்ற பேச்சை எடுத்தவுடன், பிரமிடுகளைக் கட்டியவரும் நம்மவரே என்று முழங்கும் நண்பர்கள் உளர். எமக்கு அதில் உடன்பாடில்லை. கூஃபு மன்னனின் பெரிய பிரமிடு எழுந்து ஏறக்குறைய 2,600 ஆண்டுகள் கழிந்த பின்னரே கண்ணனும் சாத்தனும் செங்கடலில் கரையிறங்கினர். நமக்கும் கண்ணனுக்கும் இடையேயுள்ள காலத்தைவிடக் கண்ணனுக்கும் பிரமிடுக்கும் இடையேயுள்ள காலமே அதிகம்! அவன் சென்றபோது பாரோக்கள் இல்லை, கிளியோபாத்ராவும் கி.மு. 30இல் இறந்து, நாடு உரோமரின் மாகாணமாகிவிட்டது. அதேபோல், கி.மு. 1213இல் இறந்த இரண்டாம் இராம்சேஸ் மன்னனின் மூக்கில் மிளகு மணிகள் வைக்கப்பட்டிருந்தன என்பது உண்மை. மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையின் கொடி என்பதும் உண்மை. அதைக்கொண்டு தமிழ்க் கப்பல் அப்போதே நைல் நதியில் நுழைந்தது என்று சொல்லிவிடலாகாது. ஒரு மூட்டை பத்துக் கை மாறியும் ஊர் போய்ச் சேரும், நாள்தோறும் பார்க்கிறோம். கையால் எழுதிய பெயர்தான் ஆளின் வருகைக்குச் சாட்சி. நமக்கு உள்ள சாட்சி சிறியது, ஆயினும் உறுதியானது. அதைப் பெரிதாக்குவோர் அதன் மதிப்பைக் குறைக்கின்றனர் என்பது எம் கருத்து.

இனி, எம் தொழிலோடு ஒட்டிய ஒரு செய்தி. ஆஸ்திரியத் தலைநகராகிய வியன்னாவின் தேசிய நூலகத்தில் பாப்பிரஸ் ஏடு ஒன்று இருக்கிறது. 1985இல் அது அச்சில் வெளியாயிற்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அதில் நம் முசிறித் துறைமுகத்தின் பெயர் வருகிறது. யவனர் மரக்கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதாகச் சங்கப் புலவர் பாடினாரே, அதே முசிறி. ஏட்டின் ஒரு பக்கம் கடன் உடன்படிக்கை. மறுபக்கம் 'ஹெர்மாப்போலோன்' என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு.

உடன்படிக்கையைப் படித்தபோது, எம் அலுவலகத்து விதிப்புத்தகத்தைப் படிப்பதுபோலவே இருந்தது. கடன் வாங்கிய வணிகன் உறுதி கூறுகிறான்: செங்கடற்கரையில் இறங்கிய சரக்கை நம்பகமான ஒட்டகக்காரனிடம் ஒப்படைப்பேன்; காவலுடன் பாலைவனம் கடத்தி நைல் கரையிலுள்ள கோப்டோஸ் நகரின் அரசாங்கக் கிடங்கில் சேர்ப்பேன்; அங்கே கடன் கொடுத்தவருடைய முத்திரையின் கீழ் வைப்பேன்; மீண்டும் படகேற்றி அலெக்சாந்திரியா கொண்டுசென்று, சுங்கக் கிடங்கில் அவருடைய முத்திரையின் கீழேயே வைப்பேன். ஒவ்வோர் இடத்திலும் இறக்கல், ஏற்றல், காவல், முத்திரை! சுங்கமோ நாலில் ஒரு பங்கு. நூற்றுக்கு இருபத்தைந்து! மறுபக்கக் கணக்கில் கங்கைக் கரையிலிருந்து வந்த சடாமாஞ்சியும் யானைத் தந்தமும் எழுதப்பட்டுள்ளன. சுங்கம் போகச் சரக்கின் மதிப்பு 1,154 தாலந்தும் 2,852 திராக்மாவும் என்று தொகை போட்டிருக்கிறார்கள். தாலந்து ஒன்றுக்கு 6,000 திராக்மா வீதம் பெருக்கினால் 69,26,852 திராக்மா ஆகிறது. ஒரே கப்பலில் இவ்வளவு! கடைசித் திராக்மா வரை கூட்டி எழுதிய அந்த முகம் தெரியாத குமாஸ்தாவிற்கு, ஜீனி, ஒட்டகம் ஆகிய சங்கடங்களுக்கிடையே எத்தனை முறை கூட்டல் தப்பியிருக்குமோ!

அந்தப் பாலைவன வழியும் எளிதன்று. பெரெனிகேயிலிருந்து கோப்டோஸுக்கு 257 உரோம மைல். பன்னிரண்டு நாள் பயணம் என்று பிளினி கணக்குச் சொல்கிறார். வெப்பத்திற்கு அஞ்சி இரவிலேயே பெரும்பாலும் நடந்தனர். முற்காலத்து ஒட்டக வணிகர், மாலுமிகளைப்போல் விண்மீன்களைப் பார்த்துத் திசை அறிந்தும், தண்ணீரைச் சுமந்தும் சென்றதாக ஸ்டிராபோ எழுதுகிறார். கடல்வழியோ பருவக்காற்றின் கையில். சூலைத் திங்களில் எகிப்திலிருந்து புறப்பட்டுத் தென்மேற்குக் காற்றோடு இந்தியா வரவேண்டும். மீண்டு செல்ல, வடகிழக்குக் காற்றை எதிர்பார்த்து மார்கழி, தை வரை காத்திருக்க வேண்டும். காற்றைத் தவறவிட்டவனுக்கு மறு வண்டி அடுத்த ஆண்டுதான். இத்தனையும் கடந்து சென்ற ஒருவன், கரையிறங்கியதும் செய்த வேலை, தன் பானையில் தன் எழுத்தில் தன் பெயரைக் கீறியது. உரோமருடைய நாட்டில் கிரேக்க எழுத்தே எங்கும் வழங்கிய இடத்தில், தமிழில் எழுதினால் படிப்பவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? இருந்தவர்களுக்குள் பாத்திரம் மாறிப்போகாமல் இருந்தால் போதும் என்று எழுதியிருப்பான்.

மகனின் மறுமொழி உறுத்திக்கொண்டே இருந்தபடியால், வந்த ஞாயிற்றுக்கிழமை அவனை அழைத்துக்கொண்டு டில்லி கேட் அருகிலுள்ள பெரோஸ் ஷா கோட்லாவிற்குச் சென்றோம். கிரிக்கெட் பார்க்கத்தான் போகிறோம் என்று நினைத்துப் புறப்பட்டவன், கோட்டைச் சிதைவுகளின் உச்சியில் நிற்கும் அசோகர் தூணைக் கண்டதும் முகம் சுருங்கினான். தூண் வந்த கதையைச் சொன்ன பிறகே முகம் மலர்ந்தது. இது டில்லியில் பிறந்த தூணன்று. பெரோஸ் ஷா துக்ளக் 1356இல் தோப்ரா என்னும் ஊரிலிருந்து கொண்டுவந்தது. இலவம் பஞ்சைக் குவித்து, அதன்மேல் தூணை மெல்லச் சாய்த்து, நாணலும் தோலும் சுற்றி, 42 சக்கர வண்டியில் ஏற்றி, சக்கரத்திற்குச் சக்கரம் கயிறு கட்டி ஆட்கள் இழுத்து, யமுனையில் படகுகளில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தனர் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். எம் அறிவிற்கு எட்டியவரை, டில்லிக்கு இவ்வளவு ஒழுங்காகக் கட்டி வந்த பார்சல் வேறில்லை! ஆனால் வந்து சேர்ந்த தூணில் எழுதியிருந்ததைப் படிக்கச் சுல்தான் அழைத்த பண்டிதர் எவராலும் இயலவில்லை. எழுத்து கண்முன் இருந்தது. படிக்கத் தெரிந்தவர் இல்லை. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் அதனைப் படித்துக் காட்டும் வரையில் அப்படியே நின்றது.

"அப்படியானால் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் தெரிந்ததா?" என்று மகன் கேட்டான். ஆம் என்றோம். அவனுக்குப் பெரிய ஆறுதல்!

அந்தப் பிராமி எழுத்தின் உடன்பிறப்பே தமிழ்ப் பிராமி. தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக ழ, ள, ற, ன என்னும் எழுத்துகள் அதில் சேர்ந்தன. கணன், சாதன் என்பவற்றின் இறுதியில் நிற்கும் ன், ஒறி என்பதிலுள்ள ற, இவையெல்லாம் 'இது தமிழ்' என்று முத்திரையிட்டுச் சொல்கின்றன. நம் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதை 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். அந்த வழியில் நெடுந்தூரம் சென்றவர் ஐராவதம் மகாதேவன். 1930இல் பிறந்து 2018இல் மறைந்த அவர் கல்வெட்டுத் துறை ஊழியர் அல்லர், ஐ.ஏ.எஸ். அதிகாரி. அலுவலகப் பணிக்கிடையே ஆர்வத்தால் மட்டுமே இதைத் தொடங்கியவர். நம் டில்லித் தேசிய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய சி. சிவராமமூர்த்தி, கரூருக்கு அருகிலுள்ள புகலூர்க் கல்வெட்டைப் படித்துப் பார்க்கும்படி தூண்ட, 1965இல் அதில் சங்ககாலச் சேரர் பெயர்களைப் படித்துக் காட்டினார். பைல்களைக் கட்டி அழும் அரசாங்க ஊழியர்கள் யாவரும் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

தூணின் அடியில் கூட்டல் குறிபோல் இருக்கும் பிராமிக் 'க'வைக் காகிதத்தில் எழுதிக் காட்டினோம். சித்திர வேலை என்று எண்ணிய மகன் ஆவலுடன் தானும் எழுதினான். பழைய 'க'விற்குப் பக்கத்தில் இன்றைய 'க'வை எழுதினோம். பழைய 'ன'விற்குப் பக்கத்தில் இன்றைய 'ன'. நாளொன்றுக்கு இரண்டு எழுத்து என்று கணக்கு. இரவு வேலை நாள்களில் எம் மனைவி அவ்வேலையை ஏற்றுக்கொண்டாள். ர, ற மயக்கம் இன்னும் தீரவில்லை. கோடை தொடங்கியதும் வாங்கிய புது மண்பானையில், காம்பஸ் முனையால் தன் பெயரை ஒரு புறம் பழைய எழுத்திலும் மறுபுறம் இன்றைய எழுத்திலும் கீறி வைத்தான். புள்ளி வைக்க மறந்த மெய்யெழுத்து ஒன்று உண்டு. புள்ளி வைப்பதில் அக்காலத்துப் பானைக்காரர்களும் அவ்வளவு கண்டிப்பானவர்கள் அல்லர் என்பதால் நாமும் திருத்தவில்லை.

எம் அன்னையாரின் குண்டான், மயூர் விஹாரில் ஓர் அன்பர் வீட்டிலிருந்து சித்திரை விழாவன்று பத்திரமாகத் திரும்பி வந்தது. விளிம்பைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி, பாட்டியின் பெயரை மகனே படித்தான். நடுவில் ஓரிடத்தில் தடுமாறினான். எங்களிடம் இருந்த குண்டானும் உரிய அம்மையாரைச் சேர்ந்துவிட்டது. பெயர் வெட்டப்படாத கரண்டி மட்டும் இன்னும் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. நடுத்தர அளவு, பித்தளை, காம்பு நுனி சற்று வளைந்தது. உரியவர்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் அடையாளம் கூறிப் பெற்றுக்கொள்ளக் கோருகிறோம்.